அப்பாவுக்கு பொட்டாசியம் 7.4னு ரிப்போர்ட், ஆளு டீக்கடையில பேப்பர் படிச்சினு கீறாரு

குடியாத்தம் பையன்:
வணக்கம், கொஞ்சம் அவசரம், லேப் பத்தி தெரிஞ்சவங்க யாராச்சும் சொல்லுங்க. எங்கப்பாவுக்கு 62 வயசு, சுகர் பிபி ரெண்டும் பத்து வருஷமா இருக்கு, டெல்மிசார்ட்டன் 40ன்னு பிபி மாத்திரை போட்டுனு இருக்காரு. காலையில வீட்டாண்ட ஒரு லேப்ல ரத்தம் குடுத்தோம், இப்பதான் வாட்சப்ல ரிப்போர்ட் அனுப்பினாங்க. யூரியா 68, கிரியாட்டினின் 1.9, சோடியம் 138, பொட்டாசியம் 7.4, குளோரைடு 107, பைகார்பனேட் 19. பொட்டாசியத்துக்கு மட்டும் பக்கத்துல ரெண்டு ஸ்டார் போட்டு தடிமனா அடிச்சிருக்கான். நெட்ல தேடினா 7க்கு மேல போனா ஹார்ட் நின்னுடும்னு வருது, எனக்கு கை காலு ஓடல, அப்பாவ தேடினு போனா அவரு பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில உக்காந்து பேப்பர் படிச்சினு "இன்னாடா மூஞ்சி ஒரு மாதிரி கீது"ன்னு என்னையே கேக்கறாரு. போன வருஷம் கிரியாட்டினின் 1.7 இருந்துது. இப்ப இன்னா பண்றது, இன்னொரு லேப்ல பாக்கலாமா, இல்ல நேரா ஆஸ்பத்திரி கூட்டினு போறதா?

சத்துவாச்சாரி சிஸ்டர்:
தம்பி இத படிச்சினே நிக்காத, மொதல்ல அப்பாவ கூட்டினு ஈசிஜி இருக்கற ஆஸ்பத்திரிக்கு போ. இன்னைக்கு ராத்திரியே. நாளைக்கு காலையிலன்னு தள்ளாத. ரிப்போர்ட் தப்பா சரியான்னு அப்புறம் பேசலாம், ஈசிஜி எடுக்க அஞ்சு நிமிஷம் ஆகாது. ஈசிஜி கோட்டுல டி அலைன்னு ஒரு மேடு வரும், அது கூடாரம் மாதிரி கூம்பா நிக்குதான்னு பாப்பாங்க. ஈசிஜி நார்மலா இருந்தாலும் அத மட்டும் நம்பி வீட்டுக்கு வந்துடக்கூடாது, பொட்டாசியம் நிஜமாவே ஏறி ஈசிஜி ஒண்ணும் காட்டாத ஆளுங்கள டயாலிசிஸ் வார்டுல நானே பாத்திருக்கேன். அங்கயே புதுசா ரத்தம் எடுத்து பாக்க சொல்லு. ஆளு நல்லா இருக்காருன்றத வெச்சு எதுவும் முடிவு பண்ண முடியாது, பொட்டாசியம் சொல்லிட்டு வர்ற ஜாதி இல்ல.

ஆம்பூர் பாய்:
பயப்படாதீங்க தம்பி, லேப்காரனுங்க இப்படித்தான் எதையாச்சும் அடிச்சி வுட்டுடறானுங்க. எங்க மாமாவுக்கும் இதே மாதிரி வந்துது, தெனம் வாழத்தண்டு ஜூஸ் குடிச்சாரு, இப்ப கல்லு மாதிரி இருக்காரு.

சத்துவாச்சாரி சிஸ்டர்:
பாய், உங்க மாமாவுக்கு இருந்தது ஸ்டோன் பிரச்சனையா இருக்கும். இது வேற. கிரியாட்டினின் ஏறின ஆளுக்கு வாழத்தண்டு ஜூஸ் குடுத்தா அதுலயும் பொட்டாசியம்தான் போவும். தயவுசெஞ்சு இங்க வேணாம்.

லேப் அக்கா:
நான் இருபது வருஷமா பயோகெமிஸ்ட்ரி லேப்ல இருக்கேன். சிஸ்டர் சொன்னதுதான் சரி, மொதல்ல போங்க. போற வழியில ரெண்டு விஷயம் மட்டும் பாத்து சொல்லுங்க. ரிப்போர்ட்ல கால்சியம், ஆல்கலைன் பாஸ்படேஸ் ரெண்டும் எவ்ளோ போட்டிருக்கு? ரத்தம் எடுக்கும்போது நீங்க கூட இருந்தீங்களா, எந்த மூடி டியூப்ல மொதல்ல ஊத்துனாங்க?

குடியாத்தம் பையன்:
அக்கா, ஆஸ்பத்திரியில இருந்துதான் டைப் பண்றேன். ஈசிஜி நார்மல்னு டாக்டர் சொன்னாரு, திரும்ப ரத்தம் எடுத்திருக்காங்க, ரிசல்ட் வர ஒரு மணி நேரம் ஆவுமாம். நீங்க கேட்டத நான் பாக்கவே இல்ல, கால்சியம் 5.1, அந்த பாஸ்படேஸ் 21. காலையில நான் கூடத்தான் இருந்தேன். அப்பாவுக்கு நரம்பே கெடைக்கல, அந்த பையன் ரப்பர கட்டிட்டு கைய மூடி மூடி தொறக்க சொன்னான், ரெண்டு தடவ குத்தி சிரிஞ்சில எடுத்தான். ஊதா மூடி டியூப்ல மொதல்ல ஊத்தினான், அப்புறம் மஞ்ச மூடியில ஊத்தும்போது பத்தல, ஊதாவ தொறந்து அதுல இருந்து கொஞ்சம் மஞ்சள்ள சாச்சிட்டான். சரி பெரியவர திரும்ப குத்த வேணாம்னு பாவம் பாக்கறான்னு நெனச்சேன் அக்கா.

லேப் அக்கா:
அதேதான். அவன் பாவம் பாத்ததுதான் 7.4.

விளக்கமா சொல்றேன். பொட்டாசியம், கால்சியம் எல்லாம் மஞ்ச மூடி டியூப்ல பாக்கறது. ஊதா மூடி டியூப் சிபிசிக்கு (ரத்த அணு எண்ணிக்கை), எச்பிஏ1சிக்கு (மூணு மாச சுகர்) எடுக்கறது, உள்ள ரத்தம் உறையாம இருக்க இடிடிஏ மருந்து தடவியிருக்கும். அது சும்மா இடிடிஏ இல்ல, பொட்டாசியம் உப்பா சேத்த இடிடிஏ. ரத்தம் உறைய கால்சியம் வேணும், இடிடிஏ அந்த கால்சியத்த கவ்வி பிடிச்சிக்கும், அதனாலதான் உறையறதில்ல. அந்த ரத்தத்துல ஒரு சொட்டு ரெண்டு சொட்டு மஞ்ச மூடி டியூப்ல விழுந்தாலே பொட்டாசியம் ஏறும், கால்சியம் இறங்கும். ஆல்கலைன் பாஸ்படேஸ்ன்றது ஒரு என்சைம், அது வேல செய்ய ஜிங்க்கும் மெக்னீசியமும் வேணும், இடிடிஏ அதையும் கவ்விடும், அதான் 21ன்னு இறங்கி கீது. நிஜமாவே கால்சியம் 5.1 ஆச்சுன்னா உங்கப்பாவுக்கு கை விரல் இழுத்துக்கும், வாய சுத்தி மரத்துப் போவும், பேப்பர் புரட்ட முடியாது. பொட்டாசியம் மேல, கால்சியம் கீழ, ஆளு ஜாலியா இருக்காரு, இந்த மூணும் சேந்தா எங்க லேப்ல நாங்க மெஷின பாக்க மாட்டோம், டியூப் எப்படி எடுத்தாங்கன்னு கேக்கறதுக்கு போன் போடுவோம். அந்த லேப்ல ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டவரு கால்சியம் லைன ஒரு தடவ பாத்திருந்தா அங்கயே நிறுத்தியிருப்பாரு, எனக்கு கோவமே அதுதான், பையன் மேல இல்ல.

இன்னும் சில வழியில பொய் பொட்டாசியம் வரும். சிவப்பணுக்குள்ள இருக்கற பொட்டாசியம் வெளியில இருக்கறத விட இருபது மடங்குக்கு மேல, சிரிஞ்ச அழுத்தி பீச்சி அடிச்சா செல்லு ஒடஞ்சி அதெல்லாம் வெளிய வந்துடும், சீரம் (ரத்தம் உறைஞ்சப்புறம் மேல நிக்கற தண்ணி) ரோஸ் கலர்ல இருக்கும், கண்ணாலயே தெரியும். ரப்பர் கட்டி கைய மூடி மூடி தொறந்தாலும் ஏறும். சுகர் டெஸ்டுக்கு எடுக்கற சாம்பல் மூடியிலயும் பல கம்பெனில பொட்டாசியம் ஆக்சலேட் இருக்கு, அதையும் சாய்க்கக்கூடாது. எல்லாரும் ஏமாறுறது ஐஸ் பெட்டிதான். நம்மூரு வெயிலுக்கு சாம்பிள் கெட்டுடும்னு கலெக்ஷன் பசங்க சீரம் பிரிக்காத ரத்தத்த ஐஸ்ல வெச்சு பைக்ல கொண்டாருவாங்க, குளிர்ல பொட்டாசியத்த உள்ள இழுத்து வெக்கற செல்லோட பம்ப் நின்னுடும், பொட்டாசியம் மெதுவா கசிஞ்சினே இருக்கும், செல்லு ஒடையாததால சீரம் கலரும் மாறாது. அத கண்டுபிடிக்கறதுதான் கஷ்டம்.

பாகாயம் ரெண்டாம் வருஷம்:
அக்கா சூப்பர். இந்தியாவுலயே முதல்ல கிட்னி மாற்று ஆபரேஷன் ஜெயிச்சது 1971ல நம்ம வேலூர்லதான், அந்த ஊர்க்காரங்களே இன்னைக்கும் ஊதா மூடிய தொறந்து சாய்க்கறோம் :( 

ஒரு டவுட்டு. பொட்டாசியம் பொய்யின்னா மீதி நம்பரும் பொய்யா? 138ல இருந்து 107, 19 ரெண்டையும் கழிச்சா அனயான் கேப் (ரிப்போர்ட்ல அளக்காத ஆசிட் உப்புங்களோட கணக்கு) 12, அது நார்மல், அப்போ லாக்டிக் கீட்டோன் மாதிரி புது ஆசிட் ஒண்ணும் சேரல, பைகார்ப் கொறஞ்ச அளவுக்கு குளோரைடு ஏறியிருக்கு. இது கிட்னி அமோனியம் வழியா ஆசிட்ட வெளிய தள்ள முடியாத கேஸ் மாதிரி இல்ல இருக்கு?

லேப் அக்கா:
நல்ல கேள்வி, நல்லா கழிச்சிருக்க. சோடியம், குளோரைடு, கிரியாட்டினின இடிடிஏ பெருசா தொடாது. பைகார்ப் மட்டும் மூடி தொறந்து ரொம்ப நேரம் கெடந்தா காத்துல போயிடும், அதனால ரிப்பீட் வரட்டும். ஆனா கிரியாட்டினின் போன வருஷமே 1.7, இப்ப 1.9, மூணு மாசத்துக்கு மேல இப்படியே இருந்தா அது நாள்பட்ட கிட்னி பிரச்சனைதான். 62 வயசு ஆம்பளைக்கு 1.9ன்னா 2021 ஃபார்முலால ஈஜிஎப்ஆர் (கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்ற கணக்கு) 39 கிட்ட வரும். சாதாரணமா ஒரு மனுஷன் தெனம் உடம்பு எடையில கிலோவுக்கு ஒரு மெக் (மில்லி ஈக்விவலன்ட், உப்பு ஆசிட்ட அளக்கற அளவு) ஆசிட் உண்டாக்குறான், கறி மீன் தின்னா இன்னும் கூட, பாதி கிட்னி அத முழுசா வெளிய அனுப்ப முடியாம மெதுவா தேங்கும். அதனால தம்பி, 7.4 பொய்யா போனாலும் ரிப்போர்ட்டையே கிழிச்சு போட்றாதீங்க.

குடியாத்தம் பையன்:
ரிசல்ட் வந்துடுச்சு!! பொட்டாசியம் 5.6, கால்சியம் 9.2, பைகார்ப் 19, கிரியாட்டினின் 1.9. டாக்டர் ஊசி எதுவும் போடல, 5.6ம் கொஞ்சம் கூடதான்னு சொல்லி மூணு நாள் கழிச்சு திரும்ப பாக்க சொன்னாரு, டெல்மிசார்ட்டன நிறுத்தல, நானா நிறுத்தவும் கூடாதுன்னாரு. இளநி, வாழப்பழம், தக்காளி கேட்டாரு, அப்பா இளநி தொடமாட்டாரு, வாழப்பழம் சுகர்னால நிறுத்தி வருஷமாச்சு. அப்புறம் வேற எதுனால ஏறுது?

சத்துவாச்சாரி சிஸ்டர்:
அப்பாடா. மூட்டு வலி மாத்திரை ஏதாச்சும் மெடிக்கல்ல கேட்டு வாங்கி போடறாரா? டைக்ளோபினாக் மாதிரி? இன்னொண்ணு, வீட்டுல எந்த உப்பு?

குடியாத்தம் பையன்:
வலி மாத்திரை இல்ல சிஸ்டர், அம்மா சத்தியம் பண்றாங்க. உப்பு... இருங்க பாக்கறேன்.

ஐயோ. பிபிக்கு நல்லதுன்னு தீபாவளிக்கு வந்த அண்ணன் சோடியம் கம்மியான உப்புன்னு நாலு பாக்கெட் வாங்கி வெச்சிட்டு போனான், மூணாவது பாக்கெட் ஓடுது. பின்னாடி பொடி எழுத்துல பொட்டாசியம் குளோரைடுன்னு போட்டிருக்கு. சாம்பார், கொழம்பு, மோர் எல்லாத்துலயும் அதுதான், உப்பு ஒறைக்கலன்னு அம்மா ஒரு கை கூடவே போடறாங்க.

லேப் அக்கா:
புடிச்சிட்டீங்க. ஒரு கிராம் பொட்டாசியம் குளோரைடுல 13 மெக் பொட்டாசியம் இருக்கு. கிட்னி நல்லா இருக்கறவங்க அத ஒண்ணுக்குல தள்ளிடுவாங்க, டெல்மிசார்ட்டன் போட்டுனு ஈஜிஎப்ஆர் 39ல இருக்கறவருக்கு அது தேங்கும். இன்னைக்கே மாத்துங்க, சாதா உப்பையே அளவா போடுங்க, மூணு நாள் கழிச்சு பாக்கும்போது டாக்டர் கிட்ட இந்த உப்பு விஷயத்த மறக்காம சொல்லுங்க. அந்த ரத்தத்த நரம்புல இருந்து நேரா எடுக்க சொல்லுங்க, மஞ்ச மூடி மொதல்ல, ஊதா அப்புறம். பத்தலன்னா திரும்ப குத்தட்டும், அப்பா கோச்சிக்கிட்டா பரவால்ல.

குடியாத்தம் பையன்:
சரிக்கா. மீதி ஒரு பாக்கெட் பிரிக்காம கீது, அம்மா தூக்கிப்போட மனசில்லாம கையில வெச்சினு நிக்கறாங்க, அண்ணன் வீட்டுக்கே அனுப்பிடலாமான்னு கேக்கறாங்க.

லேப் அக்கா:
அண்ணனுக்கு பிபி மாத்திரை, சுகர், கிட்னி பிரச்சனை எதுவும் இல்லன்னா தாராளமா அனுப்புங்க :)