சாம் எலியிலும் எம்.டி.ஏ. அதிகம்: அல்சைமர் மாதிரியில் பிழை எங்கே?

கேள்வி
அல்சைமர் மாதிரிக்காக 250 கிராம் விஸ்டார் எலிகளின் மூளை வென்ட்ரிக்கிளுக்குள் (திரவம் நிறைந்த அறை) ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற நச்சு மருந்தைச் செலுத்துகிறோம்: கிலோவுக்கு 3 மி.கி., 1-ஆம் நாளும் 3-ஆம் நாளும். 21-ஆம் நாள் தலையை வெட்டி ஹிப்போகேம்பஸை (ஞாபகத்துக்கான மூளைப் பகுதி) எடுத்து, 0.32 மோலார் சுக்ரோஸ் பஃபரில் அரைத்து, டி.பி.ஏ. (தயோபார்பிட்யூரிக் அமிலம்) முறையில் எம்.டி.ஏ.வும் (மலோன்டைஆல்டிஹைடு, கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தின் விளைபொருள்) எல்மன் முறையில் குளுட்டாதயோனும் (செல்லின் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்) பார்க்கிறோம். எம்.டி.ஏ. சாமிலும் (அதே அறுவை செய்து, ஸ்ட்ரெப்டோசோட்டோசின் மட்டும் தராத குழு) ஸ்ட்ரெப்டோசோட்டோசின் குழுவிலும் ஒரேபோல அதிகம். குளுட்டாதயோன் ஒரே குழுவுக்குள்ளேயே சிதறுகிறது. ஹெச் அண்ட் இ (ஹீமடாக்சிலின், இயோசின்) சாயத்தில் சாம் எலியின் ஹிப்போகேம்பஸில் சி.ஏ.1 பகுதியிலும் கருத்துச் சுருங்கிய நியூரான்கள். எதை முதலில் சந்தேகிப்பது?

பதில் 1
முதலில் சுக்ரோஸை. அமிலத்தில் 95 டிகிரியில் கொதிக்கும்போது சர்க்கரையும் டி.பி.ஏ.வோடு சேர்ந்து மஞ்சள் நிறம் தரும். அதன் வால் 532 நா.மீ. வரை நீளும். வினை முடிந்த கரைசலை 400 முதல் 600 வரை ஸ்கேன் செய்து பாருங்கள். 532-இல் கூரான முகடு இல்லாமல் 450 பக்கம் மேடு இருந்தால் நீங்கள் அளந்தது சர்க்கரையை. குளிர்ந்த 1.15% பொட்டாசியம் குளோரைடுக்கு மாறுங்கள்.

அடுத்தது, கொதிக்கும்போதே கொழுப்பு புதிதாக ஆக்சிஜனேற்றம் அடைவது. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பியூட்டிலேட்டட் ஹைட்ராக்சி டொலுயீனை எத்தனாலில் கரைத்து, இறுதிச் செறிவு 5 மில்லிமோலார் வருமாறு அரைக்கும் முன்பே சேர்க்க வேண்டும். வினைக்குப் பிறகு சேர்த்துப் பயனில்லை.

ரத்தத்தையும் வெளியேற்றுங்கள். தலையை மட்டும் வெட்டினால் மூளை நாளங்களில் சிவப்பணுக்கள் தங்கிவிடும். ஹீமோகுளோபினின் இரும்பு எம்.டி.ஏ.வை ஏற்றும், சிவப்பணுவில் இருக்கும் குளுட்டாதயோனும் கேட்டலேஸும் கணக்கைக் குழப்பும். ஆழ்ந்த மயக்கத்தில் இதயம் வழியாகக் குளிர்ந்த சலைன், கல்லீரல் வெளிறும் வரை.

குளுட்டாதயோன் சிதறுவதற்குப் பெரும்பாலும் தாமதமே காரணம். அரைத்த உடனே 5% சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தில் புரதத்தை வீழ்த்துங்கள். பிறகு தெளிந்த மேல்நீரை பி.ஹெச். 8 பஃபரில் போட்டு, கலவையின் பி.ஹெச்.சை ஒருமுறை அளந்து பாருங்கள். அமிலம் மிஞ்சியிருந்தால் தயோல் (குளுட்டாதயோனில் உள்ள கந்தகத் தொகுதி) அயனியாகாது, 412-இல் நிறம் ஏறாது. ஒன்று கவனம்: இந்த முறை காட்டுவது புரதமல்லாத தயோல் மொத்தத்தை; கட்டுரையில் அப்படியே எழுதுவதுதான் நேர்மை.

பதில் 2
கருத்த நியூரான்கள் நோயின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. ஃபிக்ஸ் ஆகாத (வேதிப்பொருளால் பதப்படுத்தாத) மூளையை இடுக்கியால் அழுத்தி எடுத்தாலே அப்படி வரும்: செல் முழுக்க நீலமாகக் கறுத்து, டென்ட்ரைட் திருகாணிபோல் முறுக்கிக்கொள்ளும். சாகும் நியூரானில் சைட்டோபிளாசம் இளஞ்சிவப்பாகும், உட்கரு சுருங்கித் திரளும். ஐயமிருந்தால் சாகும் நியூரானை ஒளிரவைக்கும் ஃப்ளோரோ ஜேட் சி சாயம் போடுங்கள்.

திசுவியலுக்குத் தனி எலிகள் ஒதுக்குங்கள். 50 மி.லி. சலைன், பிறகு 200 முதல் 250 மி.லி. 4% பாராஃபார்மால்டிஹைடு, அதன்பின் மூளையை மண்டையோட்டுக்குள்ளேயே 4 டிகிரியில் ஓர் இரவு விட்டு எடுங்கள். அவசரப்பட்டு அன்றே எடுத்தால் மறுபடி அதே கறுப்புதான்.

கேட்டவர்
நன்றி. மருந்தைக் காலையில் ஒரே தடவை கரைத்து மாலை வரை செலுத்துகிறோம். நாங்கள் சோதிக்கும் மூலிகைச் சாற்றை ஊசிக்கு 7 நாள் முன்பே தொடங்குகிறோம். சரியா?

பதில் 3
இரண்டுமே சரியில்லை. நடுநிலை பி.ஹெச்.சில் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் வேகமாகச் சிதையும். மாலை எலிக்குப் போவது பாதி செத்த மருந்து. ஒவ்வோர் எலிக்கும் ஊசிக்குச் சற்று முன் கரையுங்கள். 250 கிராம் எலிக்கு 0.75 மி.கி., பக்கத்துக்கு 5 மைக்ரோலிட்டர், நிமிடத்துக்கு 1 மைக்ரோலிட்டர் வேகம். செலுத்திய பின் ஊசியை சில நிமிடம் அங்கேயே நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வந்த வழியே கசியும். ஓர் எலியில் சாயம் செலுத்தி வென்ட்ரிக்கிளில்தான் இறங்குகிறதா என்று பாருங்கள். ஊசியே படாத கட்டுப்பாட்டுக் குழு ஒன்றும் வேண்டும். சாமில் துளை போட்ட காயமும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் தரும்.

சாற்றை முன்பே கொடுத்தால் நச்சிலிருந்து காப்பாற்றியதாகத்தான் ஆகும், நோய்க்கு மருந்தாகாது. இரண்டாம் ஊசிக்குப் பிறகு தொடங்கும் குழு ஒன்று அவசியம். இந்த மாதிரியில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் வருவது ஸ்ட்ரெப்டோசோட்டோசினின் வேதியியலால், அமிலாய்டால் (அல்சைமர் மூளையில் படியும் புரதம்) அல்ல. அமிலாய்டோடு இணைத்துப் பேச வேண்டுமானால் மரபணு மாற்றிய எலி வேண்டும். டிஜி2576 என்ற அத்தகைய சுண்டெலியில் பிளேக் (அமிலாய்டு படிவு) வருமுன்பே கொழுப்பு ஆக்சிஜனேற்றம் கூடுவதை 2001-இலேயே காட்டிவிட்டார்கள். 5எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு அல்சைமர் சுண்டெலியை வாங்கினால், எஸ்.ஜே.எல். வகையோடு கலந்த இனத்தில் விழித்திரைச் சிதைவு மரபணு இருக்கலாம். பார்வையற்ற எலியை நீர்ப்புதிர் சோதனையில் (நீரில் நீந்தி மேடையைத் தேடும் ஞாபகச் சோதனை) விட்டு ஞாபகமறதி என்று எழுதிவிடாதீர்கள். முதலில் ஜீனோடைப் (மரபணுச் சோதனை) செய்யுங்கள்.