சலவைக்கூட வடிகால் அமைப்பு: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில், தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகளையும் கம்பளிகளையும் துவைத்துத் தரும் சலவைக்கூடம் ஒன்றை அமைத்து வருகிறோம். தலா 30 கிலோ கொள்ளளவுள்ள இரண்டு இயந்திரங்கள் வரவிருக்கின்றன. இவை வீட்டு இயந்திரங்களைப் போலப் பம்பு வைத்து நீரைச் சிறுகச் சிறுக வெளியேற்றுபவை அல்ல. அடியிலுள்ள வால்வு திறந்ததும் நீர் முழுவதும் ஒரே மூச்சில் கொட்டிவிடும் என்பதால், 2 அங்குலக் குழாயே போதும் என்னும் பிளம்பரின் கருத்தில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு வால்வுகளும் ஒருசேரத் திறந்தால் நுரை தரைச் சல்லடை வழியே எதிர்த்து வந்துவிடும்.

ஆகவே, இயந்திரங்களுக்குப் பின்னால் கான்கிரீட் வாய்க்கால் கட்டி, நீரை முதலில் அதில் தேக்கி, பஞ்சை வடிகட்டிய பின் 4 அங்குலக் குழாயில் விட எண்ணியுள்ளோம். கம்பளி உதிர்க்கும் பஞ்சு சோப்புப் பசையோடு சேர்ந்து குழாய் வளைவுகளில் சாம்பல் நிறக் களியாக அடைத்துக்கொள்ளும் என்பது இத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாய்க்காலின் கொள்ளளவை எப்படிக் கணக்கிடுவது? 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் சாதாரண பிவிசி குழாய் இளகிவிடுமே, நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?

உறிஞ்சுகுழி தோண்டலாம் என்று மேஸ்திரி சொல்கிறார். எங்கள் இடத்துக்குக் கீழே தடுப்புச் சுவரும் அதையொட்டி ஒரு வீடும் இருக்கின்றன. ஐப்பசி மழையில் ஊறிய சரிவில் சலவை நீரையும் இறக்குவது ஆபத்து என்பதால் அதை நான் ஏற்கவில்லை. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் இத்தகைய சரிவில் சலவைக்கூடம் நடத்துபவர்கள், கழிவுநீரைத் தொட்டியில் தெளியவைத்து எவ்வாறு அகற்றுகிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.