வரிசையில் நின்ற நேரம் கணக்கில் வராதா? (ஏற்ற மறுத்த விமானமும் இழப்பீடும்)

கோத்தகிரிக்காரி:
நேற்று சீசன் நெரிசல் பற்றிய இழையில் வெலிங்டன்வாசி எழுதியது இது: "மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் எப்போதும் தாமதம்தான். விமானத்தில் ஏற்றவில்லை என்றால் தப்பு அவர்களுடையது. இழப்பீடு கேட்பது வீண் வேலை." படித்ததும் எனக்குக் கொதித்துவிட்டது. அங்கே பதில் போட்டால் காணாமல் போய்விடும் என்றுதான் தனி இழை.

என் தம்பிக்குச் சென்னைக்கு 7.10 விமானம். முந்தின இரவு செல்பேசியில் வெப் செக்-இன் செய்யப் பார்த்தான். 'இருக்கை விமான நிலையத்தில் ஒதுக்கப்படும்' என்று வந்து நின்றது. சரி, சீக்கிரம் போவோம் என்று மூன்றரை மணிக்கே கோத்தகிரியிலிருந்து இறங்கினான். பீளமேட்டில், கோவை விமான நிலையத்தில், வண்டி உள்ளே நுழைந்தபோது கொடுத்த பார்க்கிங் சீட்டில் நேரம் 5.48. மை மங்கலாக இருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. வரிசையில் நின்றான். கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது 6.14. முதலில் "சீட் இல்லை, ஃபுல்" என்றார்கள். வாக்குவாதம் வந்ததும் "நீங்கள் லேட், கவுண்டர் 6.10க்கு மூடியாச்சு" என்று பேச்சை மாற்றினார்கள். சாயங்கால விமானத்துக்கு மாற்றிவிட்டு, கணினியில் 'நோ ஷோ' என்று பதிந்திருக்கிறார்கள். வராத ஆள் என்று அர்த்தம். எதிரே நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டே வராத ஆள் என்று எழுதுவதற்கு என்ன பெயர்?

வெலிங்டன்வாசி:
அம்மா, கோபம் புரிகிறது. நான் பல வருடம் விமான நிலையங்களில் தரைப்பணி பார்த்தவன். நீங்களே எழுதிவிட்டீர்கள், 6.14. கவுண்டர் மூடும் நேரம் 60 நிமிடத்துக்கு முன், அதாவது 6.10. நான்கு நிமிடம் தாமதம். வாதம் முடிந்தது.

கோத்தகிரிக்காரி:
எப்படி முடியும்? 5.48 என்ற எண்ணை நீங்கள் படிக்கவே இல்லையா? விமானத்துக்கு 82 நிமிடம் முன்னால் அவன் வளாகத்துக்குள் இருந்தான். கவுண்டர் முன்னால் கால்கடுக்க நின்றது யார் தாமதம்? ஐந்து கவுண்டரில் இரண்டை மட்டும் திறந்து வைத்தவர்கள் தாமதமா, நின்றவன் தாமதமா?

லவ்டேல்_வழக்கு:
சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டை போடுங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) 2010இல் கொண்டுவந்து 2016இல் திருத்திய விதி இருக்கிறது. உறுதியான டிக்கெட்டோடு உரிய நேரத்தில் வந்தவரை ஏற்ற மறுத்தால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் கொடுத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் கொடுத்தால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்த்து அதில் 200 சதவீதம், உச்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் போனால் 400 சதவீதம், உச்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்று சொல்பவருக்கு டிக்கெட் பணமும் திரும்பி வரும், அந்த 400 சதவீதமும் உண்டு. அதற்கெல்லாம் முன்னால், 'யாராவது விட்டுக்கொடுக்கத் தயாரா' என்று பயணிகளிடம் கேட்க வேண்டும்.

கோத்தகிரிக்காரி:
யாரிடமும் கேட்கவில்லை. அங்கே அப்படி ஒரு அறிவிப்பே வரவில்லை.

மஞ்சூர்ப்பக்கம்:
அப்படியானால் 10,000 ரூபாய் கட்டாயம் வரும். விடாதீர்கள் அக்கா.

லவ்டேல்_வழக்கு:
10,000 என்பது உச்சவரம்பு, கட்டாயத் தொகை இல்லை. அடிப்படையும் எரிபொருளும் சேர்ந்து 3,800 என்றால் 7,600தான். விமான நிலையக் கட்டணம், வரி எல்லாம் கணக்கில் சேராது.

மஞ்சூர்ப்பக்கம்:
என் மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே 600 யூரோ வரை கொடுப்பார்கள். நம் ஊரில்தான் 7,600 என்று பிச்சை போடுகிறார்கள்.

லவ்டேல்_வழக்கு:
அது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் வருட விதி. தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ. கோவையிலிருந்து சென்னை போகிற விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தயவுசெய்து குழப்பாதீர்கள்.

மஞ்சூர்ப்பக்கம்:
நான் குழப்பவில்லை, ஒரு ஒப்பீட்டுக்குச் சொன்னேன். எதற்கெடுத்தாலும் தயவுசெய்து என்று மூக்கை நீட்டுகிறவர் நீங்கள்தான். பச்சைத் தேயிலை விலை இழையிலும் இதே வேலைதான் பார்த்தீர்கள்.

வெலிங்டன்வாசி:
விஷயத்துக்கு வருவோம். விதியில் 'உரிய நேரத்தில் வந்தவர்' என்று இருக்கிறது. லவ்டேல்காரரே எழுதிவிட்டார். உரிய நேரம் 6.10. வந்தது 6.14. பார்க்கிங் சீட்டு காருக்குக் கொடுப்பது, பயணிக்குக் கொடுப்பது இல்லை. காரில் வந்தவர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றிருக்கலாம், போனில் பேசிக்கொண்டு இருந்திருக்கலாம். அதை யார் பார்த்தார்கள்?

கோத்தகிரிக்காரி:
என் தம்பி தேநீர் குடித்தான் என்று எழுத உங்களுக்கு என்ன உரிமை? ஒரு பெட்டி, ஒரு பை, அடுத்த நாள் காலையில் சென்னையில் வேலைக்கான நேர்காணல், இதோடு நின்றவன் அவன். அவனுக்குப் பின்னால் நின்ற ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு, அதே விமானத்தில் ஏறிப் போனது. பின்னால் நின்றவர்களுக்கு இருக்கை, முன்னால் நின்றவனுக்கு 'லேட்'. இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வேறு எதுவும் வேண்டாம்.

வெலிங்டன்வாசி:
அவர்கள் வெப் செக்-இன் செய்திருப்பார்கள், பெட்டியை மட்டும் போட வந்திருப்பார்கள். 6.14.

கோத்தகிரிக்காரி:
அவனும் வெப் செக்-இன் செய்யப் போனான். செய்ய விடவில்லை! இருக்கையை விமான நிலையத்தில் தருகிறோம் என்று சொன்னது யார்? இருக்கிற இருக்கைக்கு மேல் டிக்கெட் விற்றுவிட்டு, காலையில் யார் தலையில் கட்டலாம் என்று பார்த்திருக்கிறார்கள். மலையிலிருந்து வந்த பையன் சிக்கினான். உங்கள் 6.14 கவுண்டர்க்காரர் வாயில் வந்தது 'ஃபுல்' என்று சொன்ன பிறகுதான். முதல் பதில் 'ஃபுல்'. இரண்டாவது பதில் 'லேட்'. எது உண்மை?

கேத்தி_டாக்ஸி:
அக்கா, நான் தினமும் இறங்குகிறவன். சீசனில் ஏறுகிற வண்டி குன்னூர் வழி, இறங்குகிற வண்டி கோத்தகிரி வழி என்று போலீஸ் மாற்றிவிடுகிறார்கள். அந்தச் சமயத்தில் ஊட்டிக்காரனுக்கும் குன்னூர்க்காரனுக்கும் சுற்று. உங்கள் தம்பி கோத்தகிரியிலேயே இருக்கிறார், அவருக்கு இறங்குவது சுலபம். வெலிங்டன் சார், மலைக்காரர்கள் எல்லாரும் தாமதம் என்றீர்களே, ஓட்டுகிற எங்களைச் சொல்கிறீர்களா? ஒரு தடவை என் வண்டியில் வாருங்கள்.

வெலிங்டன்வாசி:
தம்பி, உங்களை யார் சொன்னது? மண் சரிவு, மரம் விழுவது, பர்லியாறில் லாரி மல்லாக்கப் படுப்பது, இதெல்லாம் விமானக் கம்பெனியின் குற்றமா என்று கேட்டேன்.

கேத்தி_டாக்ஸி:
அன்றைக்கு மண்ணும் சரியவில்லை, மரமும் விழவில்லை. 5.48க்குப் போய்ச் சேர்ந்த வண்டியைப் பற்றிப் பேசும்போது பர்லியாறு எங்கிருந்து வந்தது? அது குன்னூர் சாலை, அந்தப் பையன் இறங்கியது கோத்தகிரி சாலை. ஊர்க்காரராக இருந்துகொண்டு இது தெரியவில்லையா?

கொடை_ரோஜா:
எங்களுக்குக் கொடைக்கானலிலிருந்து மதுரை விமான நிலையம். நிலைமை இதேதான். 2024 மே மாதம் முதல் இ-பாஸ் வந்த பிறகு சுற்றுலா வண்டிகள் சோதனைச்சாவடியில் குவிகின்றன. உள்ளூர்க்காரர்களும் அதில் மாட்டுகிறோம்.

மஞ்சூர்ப்பக்கம்:
கொடைக்கானலுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

கொடை_ரோஜா:
ஏன், ஊட்டிக்குத்தான் மலை என்று பட்டா போட்டிருக்கிறதா?

வெலிங்டன்வாசி:
சென்னைக்குத்தானே? மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் சென்னை. நேர்காணல் என்று தெரிந்தும் கடைசி நேரத்தில் விமானத்தை நம்புவது யாருடைய திட்டமிடல்?

கோத்தகிரிக்காரி:
ரயிலுக்கு இடம் கிடைக்காத சீசனில் ரயிலைப் பற்றிப் பாடம் எடுக்காதீர்கள். டிக்கெட்டுக்கு முழுப் பணம் வாங்கியிருக்கிறார்கள். வாங்கிய பணத்துக்கு இருக்கை கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை. நீங்கள் வேலை பார்த்த இடம் என்பதற்காக அவர்கள் பக்கம் நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

வெலிங்டன்வாசி:
என் நேர்மையைச் சந்தேகிக்க வேண்டாம். நான் யாரிடமும் ஒரு காசு வாங்கினவன் இல்லை. எத்தனை பயணிகளை ஓடி ஓடி ஏற்றிவிட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். 60 நிமிடம் என்றால் 60 நிமிடம். கோத்தகிரிக்கு ஒரு கடிகாரம், கோவைக்கு ஒரு கடிகாரம் கிடையாது.

லவ்டேல்_வழக்கு:
சார், 'வந்தவர்' என்றால் கவுண்டர் மேசையைத் தொட்டவர் என்று நீங்கள் படிக்கிறீர்கள். வரிசையில் சேர்ந்தவர் என்று நான் படிக்கிறேன். கவுண்டர் வேகம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது, பயணி கையில் இல்லை. 2022 ஜூனில் இதே விதியை மீறி, செல்லுபடியாகும் டிக்கெட்டோடு நேரத்துக்கு வந்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்காத ஒரு பெரிய நிறுவனத்துக்கு டிஜிசிஏ 10 லட்சம் அபராதம் போட்டது.

அக்கா, செய்ய வேண்டியது இதுதான். பார்க்கிங் சீட்டை இன்றே படம் எடுத்து வையுங்கள், அந்த மை நாளாக ஆக அழியும். செக்-இன் பகுதி கேமரா பதிவைப் பாதுகாத்து வைக்கச் சொல்லி விமான நிலையத்துக்கு எழுதுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், அப்புறம் ஏர்சேவா, அதாவது விமானப் பயணிகள் புகாருக்கான மத்திய அரசு இணையதளம். அதிலும் நடக்கவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், ஊட்டியில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பயண வவுச்சர் நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் தம்பி எழுத்தில் சம்மதித்தால்தான் வவுச்சர், இல்லையென்றால் ரொக்கம் அல்லது வங்கியில்.

வெலிங்டன்வாசி:
ஆணையம் முதலில் கேட்கப்போவது, 'கவுண்டரில் எத்தனை மணிக்கு இருந்தீர்கள்' என்று. பதில் 6.14.

கோத்தகிரிக்காரி:
ஆணையம் கேட்கும், 'நோ ஷோ என்று எழுதியவர் யார்' என்று. அதற்கு நிறுவனம் என்ன சொல்லும்? வராதவனுக்குச் சாயங்கால விமானத்தில் எதற்கு இருக்கை கொடுத்தார்கள்?

வெலிங்டன்வாசி:
மனிதாபிமானம்.

கோத்தகிரிக்காரி:
மனிதாபிமானம் காலையில் எங்கே போயிற்று? சாயங்கால விமானம் இறங்கி அவன் தங்குமிடம் போய்ச் சேர்ந்தபோது நள்ளிரவு. கண் சிவக்க நேர்காணலுக்குப் போனான். அந்த 7,600 ரூபாயை வைத்து நான் வீடு கட்டப்போவதில்லை. 'நோ ஷோ' என்ற அந்தப் பதிவு அழிய வேண்டும். அவன் வந்தான். 5.48க்கு வந்தான்.

மஞ்சூர்ப்பக்கம்:
நான் இப்பவும் சொல்கிறேன், 10,000 கேளுங்கள்.

லவ்டேல்_வழக்கு:
உச்சவரம்பு!

கேத்தி_டாக்ஸி:
வெலிங்டன் சார், கோத்தகிரி சாலை பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வெலிங்டன்வாசி:
கேட்டது புரியவில்லை தம்பி. நான் பேசுவது 6.14 பற்றி.