கோட்டாவுல வந்த அரைப்பேர்: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

கொழுந்துக்கூடை:

நுவரெலியா மாவட்டத்துல பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான். பேராதனையில எஞ்சினியரிங் முடிச்சு சில வருஷமாச்சு. போன கிழமை சொந்தக்காரப் பிள்ளை ஒன்னு போன் பண்ணி, "அக்கா, கோட்டாவுல வந்தேன்னு கெம்பஸ்ல சொல்லலாமா, மறைக்கணுமா?"ன்னு கேட்டா. சட்டுன்னு பதில் வரல. அதான் இங்க எழுதுறேன்.

முதல் வருஷம் கெம்பஸ் ஹொஸ்டல்ல எங்க ரூம்ல நாலு பேர். ரெண்டாம் நாள் ராத்திரி தேத்தண்ணி குடிச்சிக்கிட்டே ஒவ்வொருத்தரா இசட் ஸ்கோர் (கெம்பஸுக்கு எடுக்கப் பார்க்கிற ஏ.எல் புள்ளி) சொன்னோம். என்னோடதைக் கேட்டதும் நல்லூர்ப் பிள்ளை கோப்பையைக் கீழ வச்சிட்டா. "உங்கட மாவட்டத்தில பிறந்திருந்தா நான் மொரட்டுவைக் கெம்பஸுக்கே போயிருப்பன்." கோபமா சொல்லல, கணக்குச் சொல்ற மாதிரிதான் சொன்னா. எனக்கு அன்னைக்குத் தூக்கமே இல்ல.

மறுநாள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை எடுத்து அவ கட்டில்ல விரிச்சு வச்சேன். நூத்துக்கு 40 இடம் முழு நாட்டுக்கும் மெரிட்ல. 55 மாவட்டச் சனத்தொகைப்படி. மிச்சம் 5 பின்தங்கின 16 மாவட்டத்துக்கு. அந்த 16ல நுவரெலியா இருக்கு, பதுளை இருக்கு, யாழ்ப்பாணமும் இருக்கு. கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. "எங்களுக்கு இது யுத்தத்தால வந்தது"ன்னா. "எங்களுக்கு எதால வந்துச்சு?"ன்னு கேட்டேன். 1948ல தோட்டத்துச் சனத்தைப் பிரஜாவுரிமையே இல்லாம ஆக்கின கதையை அவ பாடப் புத்தகத்துல ஒரு வரியாத்தான் படிச்சிருந்தா.

அப்புறம்தான் அவ மாமா கதை வந்துச்சு. 1971 தரப்படுத்தல். மருத்துவத்துக்கு எடுபட வேண்டிய புள்ளி தமிழ்ல எழுதினவங்களுக்கு 250, சிங்களத்துல எழுதினவங்களுக்கு 229. அந்த இடைவெளிக்குள்ள விழுந்தவர் மாமா. "கோட்டா எண்டாலே எங்கட வீட்டில கெட்ட வார்த்தை"ன்னா. அவளுக்கு ஏன் அப்படி வந்துச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆனா அந்த மாமாவோட கோபத்துக்கு நான் ஏன் பதில் சொல்லணும்?

லீவுக்குப் போனப்ப இந்தக் கோட்டாப் பேச்சை அம்மாகிட்ட சொன்னேன். அம்மா யோசிச்சிட்டு, "அப்போ ஒனக்கு அரைப்பேரா போட்டிருக்காங்க?"ன்னு கேட்டாங்க. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: தோட்டத்துல கேட்ட கிலோ கொழுந்து வரலன்னா, நாள் முழுக்க மலையில நின்னாலும் பாதிச் சம்பளம்தான். அதுதான் அரைப்பேர். எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, வலிச்சும் போச்சு. அம்மாவே, "காஞ்ச மலையில எறக்கிவிட்டுட்டு எல்லாருக்கும் ஒரே கிலோன்னா எவ எடுப்பா?"ன்னு முணுமுணுத்துக்கிட்டே பலாக்கொட்டை உரிக்க உக்காந்துட்டாங்க.

பதுளைப் பய:

அக்கா, ஒன்னு விட்டுட்டீங்க. இடம் மாவட்டத்துக்குத்தான் குடுக்கிறாங்க, லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) இல்ல. நான் ஏ.எல் மெத்ஸ் படிச்ச டவுன் ஸ்கூல்ல இடாப்புல இருந்த பேரு அத்தனைக்கும் கிளாஸ்ல வாங்கு பத்தாது. ஆனா பாதி வாங்கு காலியாத்தான் கிடக்கும். வெளி மாவட்டத்துப் பிள்ளைகள் இங்க பேரைப் பதிஞ்சுட்டு டியூஷனை அவங்க ஊர்லயே எடுப்பாங்க. கிராம சேவகர் கடிதம், குடியிருப்பு எல்லாம் பேப்பர்ல சுத்தமா இருக்கும். இடாப்புக் கூப்பிடுறப்ப ஒருத்தனுக்காக நானே "சேர்"னு குரல் குடுத்திருக்கேன். கூலி ஒரு மீன் ரோல்ஸ். ரிசல்ட் வந்தப்ப அவன் உள்ள, நான் வெட்டுப்புள்ளிக்குக் கீழ. அந்த ரோல்ஸ் இன்னும் தொண்டையில நிக்குது.

அப்புறம் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துல வேற பாடத்துக்குப் போனேன். பதுளையிலயே கெம்பஸ், வீட்டுச் சாப்பாடு. கொறை சொல்ல மாட்டேன்.

டீச்சரம்மா:

கோட்டா கிடைச்சுதா இல்லையாங்கிற சண்டைக்கு வர்றதுக்கு முன்னாலயே எங்க பிள்ளைகள் வெளியில நின்னுடுறாங்க. உயர்தர விஞ்ஞானம், கணிதம் இருக்கிறது 1ஏபி ஸ்கூல்ல. எங்க தோட்டத்து டிவிஷன்ல இருந்து அங்க போக விடியக்காலம் ஒரே பஸ். அது வரலன்னா அன்னைக்கு லீவு. ஓ.எல்ல கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளை ஒன்னு, பஸ் காசுக்குப் பயந்து பக்கத்து ஸ்கூல்ல கலைப்பிரிவுல சேர்ந்துச்சு. "டீச்சர், எனக்கு நாடகமும் புடிக்கும்தானே"ன்னு என்னைச் சமாதானப்படுத்திச்சு. 2023ல மலையகச் சனம் இந்தியாவுல இருந்து வந்து 200 வருஷம்னு, மலையகம் 200ன்னு தலைமன்னார்ல இருந்து மாத்தளைக்கு நடந்தாங்களே, அதுல நானும் கொஞ்ச தூரம் நடந்தேன். வழியெல்லாம் அந்தப் பிள்ளை ஞாபகம்தான்.

தீவான்:

நான் யாழ்ப்பாணம். கொழுந்துக்கூடை அக்காவின்ர அந்த ரூம்மேற்றுக்காக வாதாட வரேல்ல. ஆனா ஒண்டு யோசியுங்கோ. நெடுந்தீவில இருந்து படகில வாற பெடியனுக்கும், ரியூசன் வாசலில வீடிருக்கிற பெடியனுக்கும் ஒரே மாவட்ட வெட்டுப்புள்ளி. உங்கட தோட்டத்துக்கும் நுவரெலியா ரவுணுக்கும் உள்ள வித்தியாசம் எங்களிட்டயும் இருக்கு. மாவட்டத்தைப் பார்க்கிறதை விட்டுட்டு வீட்டு நிலைமையைப் பார்த்தா என்ன?

பதுளைப் பய:

வீட்டு நிலைமைக்கும் பேப்பர்தானே கேப்பாங்க அண்ணே. மீன் ரோல்ஸ் விலை இன்னும் ஏறும்.

கொழுந்துக்கூடை:

ஹா ஹா. தம்பி, ஒங்களுக்கு ஒரு ரோல்ஸ் நான் வாங்கித் தாறேன்.

அந்த நல்லூர்ப் பிள்ளையைப் பத்திக் கேட்டு ரெண்டு பேர் இன்பாக்ஸ்ல வந்தீங்க. முதல் செமஸ்டர்ல நாங்க ரெண்டு பேரும் ஒரே பேப்பர்ல ஃபெயில். ரெண்டு பேரும் தமிழ்ல படிச்சிட்டு வந்தவங்க, லெக்சர் முழுக்க இங்கிலீஷ். ரிபீட்டுக்கு ஒரே நோட்ஸைப் பாதிப் பாதியா எழுதினோம். அதுக்கப்புறமும் சண்டை போட்டிருக்கோம். பெரும்பாலும் கறிக்கு யார் தேங்காய்ப்பால் கூட விட்டதுன்னுதான்.

போன் பண்ணின பிள்ளைகிட்ட நேத்து பேசிட்டேன். மறைக்காத, ஆனா கேக்காதவங்ககிட்ட நீயா போய்ச் சொல்லவும் வேணாம்னு சொன்னேன். அதைவிட முக்கியமா விலாசத்தைப் பத்திச் சொன்னேன். லயத்துல வீட்டுக்கு வீடு விலாசம் இல்ல, எல்லாக் கடிதமும் தோட்டத்து ஒப்பீசுக்குத்தான் வரும். என்னோட பதிவுக் கடிதம் அங்க மேசையில ஒம்பது நாள் கிடந்துச்சு. அப்பா வேற எதுக்கோ போனப்பதான் கண்ணுல பட்டுச்சு, கடைசித் திகதிக்கு ரெண்டு நாள் இருந்துச்சு. இந்த வருஷம் விண்ணப்பிக்கிற தோட்டத்துப் பிள்ளைகள் டவுன்ல தெரிஞ்ச கடை விலாசம் ஒன்னு குடுங்க. கடிதத்தை நம்பி உக்காராம பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவோட இணையதளத்தையும் நீங்களே திறந்து பாருங்க. சிக்னல் இல்லன்னா கோயில் மேட்டுக்கு ஏறுங்க, எங்க தோட்டத்துல அங்கதான் கிடைக்கும்.