டிஷ்வாஷரில் கழுவிய டம்ளர்களில் வெள்ளைப் படலம்: உதவி தேவை

புதுக்குடித்தனம்: எட்டு மாதங்களாகக் குறையின்றிக் கழுவிய எங்கள் டிஷ்வாஷரிலிருந்து, இரண்டு வாரங்களாகக் கண்ணாடி டம்ளர்களும் எவர்சில்வர் தட்டுகளும் திருநீறு பூசியதுபோல் வெளுத்து வருகின்றன. சனிக்கிழமை விருந்தினர் வருகிறார்கள். விரைவாக வழி சொல்லுங்கள்.

கரண்டி: எந்த ஊர், எந்தத் தண்ணீர், சலவைப் பொருள் பொடியா மாத்திரையா, இயந்திரத்தின் உப்புக் கலத்தில் உப்பு கடைசியாக எப்போது நிரப்பினீர்கள்?

மாடிவீடு: உப்பு இருக்கட்டும், முதலில் அடுக்கும் முறையைப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஜாரணியின் காம்பு கீழே நீட்டிக்கொண்டு, தண்ணீரைப் பீய்ச்சியபடி சுழலும் கையைத் தடுத்ததால், ஒரு மாதம் பாதிப் பாத்திரங்கள் கழுவப்படாமலே வந்தன. கடாயைக் கீழடுக்கில் கவிழ்த்து, டம்ளர்களை மேலடுக்கில் சற்றுச் சாய்த்து வைத்து, கதவை மூடுமுன் அந்தக் கையை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள்.

பழையகை: கையேட்டைப் புரட்டியவர் எவரும் இதைக் கேட்கமாட்டார். சரியாகக் கழுவப்படாத பாத்திரத்தில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்கும், சுண்ணாம்பு படியாது. வெளுத்த டம்ளரில் வினிகர் தடவுங்கள். படலம் கரைந்தால் அது தண்ணீரின் சுண்ணாம்பு. கரையாவிட்டால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கலாம், அதற்கு மருந்தில்லை.

புதுக்குடித்தனம்: மன்னியுங்கள். ஊர் சென்னை. இந்த மாதம் முதல் எங்கள் குடியிருப்பில் போர்வெல் தண்ணீர் மட்டுமே வருகிறது. உப்பு, இயந்திரம் வந்த அன்று போட்டதோடு சரி. மாத்திரை உறையில் 'எல்லாம் ஒன்றில்' என்று போட்டிருந்ததால் வேறெதுவும் தேவையில்லை என்று நினைத்தோம்.

கரண்டி: அங்கேதான் சிக்கல். தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும் பிசின் மணிகள் இயந்திரத்துக்குள் இருக்கின்றன. அவற்றை மீண்டும் வேலைக்குத் தயாராக்குவது உப்புநீர்தான். மிகக் கடினமான தண்ணீருக்கு மாத்திரையிலுள்ள சரக்கு போதாது. டிஷ்வாஷருக்கென்று விற்கும் பரல் உப்பை நிரப்பி, இயந்திரத்தில் தண்ணீரின் கடினத்தன்மைக்கென்று உள்ள அளவையும் உயர்த்தி வையுங்கள். சிந்திய உப்பு எஃகை அரிக்கும் என்பதால் உடனே ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அம்மிக்கல்: சமையலுப்பைப் போட்டால் ஆகாதா?

கரண்டி: ஆகாது. அது கட்டியாகாமலிருக்கச் சேர்க்கும் பொருள்கள் உள்ளே அடைத்துக்கொள்ளும்.

மாடிவீடு: எப்படியானாலும், குழம்புச் சட்டியைக் குழாயில் நன்றாக அலசிவிட்டுத்தான் உள்ளே வைக்கவேண்டும்.

பழையகை: ஒரு சுற்றுக்கு 10 முதல் 12 லிட்டர் தண்ணீரில் வேலையை முடிக்கும் இயந்திரத்தை வைத்துக்கொண்டு, அதே அளவைக் குழாயடியில் கொட்டுவதற்கு இயந்திரம் எதற்கு? எச்சிலையும் கறிவேப்பிலையையும் வழித்துப் போட்டால் போதும்.

மாடிவீடு: எங்கள் வீட்டு வடிகட்டியில் சிக்கும் கடுகைத் தாங்கள் வந்து பொறுக்குவதாக இருந்தால் வழித்துப் போடுகிறேன்.

அம்மிக்கல்: இருவரும் பொறுங்கள். அலுமினியக் குக்கரை உள்ளே வைக்கலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

கரண்டி: வேண்டாம். சலவைப் பொருளின் காரத்தில் கறுத்துவிடும்.

புதுக்குடித்தனம்: வினிகரில் படலம் கரைந்துவிட்டது. உப்புக் கலம் காலியாகவே இருந்தது. நிரப்பி, அளவையும் உயர்த்தியபின் இரண்டாம் சுற்றில் டம்ளர்கள் பளிச்சென்று வந்தன. அலுமினியக் குக்கரைப் பற்றி நேற்றே படித்திருக்கலாம்.