பேசி முடித்த வீட்டை விட்டு விலகியவர்களே, உங்கள் அட்வான்ஸ் என்ன ஆனது?

அக்ரிமென்ட் வரை போன வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். கொடுத்த அட்வான்ஸ் போய்விட்டது. விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் போன் செய்கிறார்கள். பெரிய பணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனாலும் விலகியது சரி என்றுதான் நானும் என் கணவரும் நினைக்கிறோம். இப்படி யாருக்காவது நடந்திருந்தால் எழுதுங்கள். முதலில் எங்கள் கதை.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள வீடு அது. பார்க்கப் போனபோது புதுப் பெயின்ட் அடித்துப் பளிச்சென்று இருந்தது. விற்பவர் குடும்பம் அங்கேயே குடியிருந்ததால் பீரோ, கட்டில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. பத்திரங்களை வக்கீல் பார்த்தார், வில்லங்கம் எதுவும் இல்லை. அக்ரிமென்ட் போட்டு அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. அப்புறம்தான் அலமாரி செய்ய அளவெடுப்பதற்காக ஆசாரியைக் கூட்டிக்கொண்டு போனோம். முந்தின நாள் நல்ல மழை. அவர் பீரோவை நகர்த்தினார். பின்னால் சுவரில் பெயின்ட் உள்ளங்கை அகலத்துக்கு உப்பி நின்றது. டேப்பின் முனையால் லேசாகக் குத்தினார். தண்ணீர் கோடாக வழிந்து தரைக்கு வந்தது, கூடவே பூச்சு மாவாக உதிர்ந்தது. ஆசாரி எங்களைப் பார்த்தார், நாங்கள் விற்பவரைப் பார்த்தோம், அவர் ஜன்னலைப் பார்த்தார்.

பக்கத்து வீட்டில் விசாரித்தபோது முழுக் கதையும் வந்தது. ஒழுகுவது மொட்டை மாடி. அது எல்லோருக்கும் பொது, குடியிருப்போர் சங்கம்தான் சரிசெய்ய வேண்டும் என்கிறார் விற்பவர். மேலே அவர் சொந்தமாக வைத்த தொட்டியால் வந்த வினை, அவரே செலவழிக்கட்டும் என்கிறது சங்கம். இரண்டு பக்கமும் நோட்டீஸ் போய் வந்திருக்கிறது. வீட்டை வாங்கினால் இந்தச் சண்டையும் எங்கள் பேருக்கு வந்துவிடும்.

விலையைக் குறைக்கக் கேட்டோம், முடியாது என்றார். ரிப்பேர் செய்து தாருங்கள் என்றோம், "பார்த்துத்தானே சார் கையெழுத்து போட்டீங்க?" என்று என் கணவரிடம் கேட்டார். எங்கள் வக்கீல் சொன்னது இது: சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் கண்ணில் படாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். பீரோவுக்குப் பின்னால் இருந்தது கண்ணில் பட்டிருக்குமா படாதா என்பதை வைத்து வழக்கு நடத்தலாம். நடத்தினால் எத்தனை வருஷம் என்று கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே முடிவு எடுத்துவிட்டோம்.

* * *

நாங்கள் இருப்பது ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ். உங்கள் கதையைப் படித்ததும் இங்கே எவ்வளவு லேசாகத் தப்பித்தோம் என்று தோன்றியது.

எங்களுடையதும் அடுக்குமாடி வீடுதான். கையெழுத்தான பிறகுதான் கட்டட நிர்வாகக் குழுவின் பழைய கூட்டக் குறிப்புகள் முழுதாகக் கைக்கு வந்தன. என் மனைவி இரவு உட்கார்ந்து வரி விடாமல் படித்தார். வெளிச்சுவர்ப் பலகைகள் தீப்பிடிக்கும் ரகம், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கப் போகிறார்கள் என்று ஒரு மூலையில் இருந்தது. இங்கே சாதாரணமாக ஒப்பந்தம் போட்டால், மனம் மாறுவதற்கு 5 வேலை நாள் அவகாசம் உண்டு. அதற்குள் எழுத்தில் சொல்லிவிட்டால் வீட்டு விலையில் 0.25 சதவீதம் மட்டும் விற்பவருக்குப் போகும். நாங்கள் அப்படி வெளியே வந்துவிட்டோம்.

ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு இந்த அவகாசம் கிடையாது. அதோடு, வீட்டுக்குப் போட்டி அதிகம் என்றால் விற்பவர் தரப்பு '66டபிள்யூ' என்று ஒரு சான்றிதழ் கேட்கும். அவகாசம் வேண்டாம் என்று உங்கள் வக்கீல் கையெழுத்து போட்டுக் கொடுப்பது அது. கொடுத்துவிட்டால் அந்த நிமிஷத்திலிருந்தே கட்டுப்பட்டவர்கள். எங்களிடமும் கேட்டார்கள். "நாளைக்குள் தராவிட்டால் வேறு ஆள் இருக்கிறார்" என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினார். எங்கள் வக்கீல் அம்மா கொடுக்கவே மாட்டேன் என்று நின்றார். அன்றைக்கு அவர்மேல் எரிச்சலாக இருந்தது.

* * *

விற்ற பக்கத்திலிருந்து ஒரு குரல். அட்வான்ஸை வைத்துக்கொண்டவள் நான்.

இந்த மாதிரிக் கதைகளில் விற்பவர் எப்போதும் வில்லன். என் வீட்டை வாங்க ஒப்புக்கொண்டவருக்கு வேலை மாற்றம் வந்தது, வேறு மாநிலத்துக்குப் போகிறார், வீடு வேண்டாம். அவர்மேல் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அவர் கொடுத்த அட்வான்ஸை நம்பி நான் இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தேன். அவர் பின்வாங்கியதும் எனக்கும் கெடு நெருங்கியது. கிடைத்த இடத்தில் கைமாற்று வாங்கி, வட்டி கட்டி, அந்த வீட்டைக் காப்பாற்றினேன். நடுவில் என் வீட்டைக் கேட்டு வந்தவர்களை எல்லாம் "முடிந்துவிட்டது" என்று திருப்பி அனுப்பியிருந்தேன். திரும்பக் கூப்பிட்டபோது அவர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். கடைசியில் பேசினதைவிடக் குறைந்த விலைக்குத்தான் போனது.

வீடு விற்ற பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். விலையில் விழுந்த துண்டு, வட்டி இரண்டையும் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவருக்கு அனுப்பினேன். அக்ரிமென்ட்படி ஒரு பைசாகூடத் தர வேண்டியதில்லை. என் தம்பி "ஏன்க்கா, உனக்கு மூளை இருக்கா?" என்றான். இருக்கட்டும்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று: வைத்துக்கொண்ட அட்வான்ஸுக்கு வருமான வரி உண்டு. 2014 ஏப்ரலுக்கு முன்பு அந்தத் தொகையைச் சொத்து வாங்கிய விலையிலிருந்து கழித்துக் கணக்குப் பார்ப்பார்கள். இப்போது அது அந்த ஆண்டின் இதர வருமானம், உங்கள் வரி விகிதப்படி அப்போதே கட்ட வேண்டும். என் ஆடிட்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

* * *

சின்ன அனுபவம்தான். டோக்கன் அட்வான்ஸ் என்று புரோக்கர் கேட்டார், யூபிஐயில் அவருக்கே அனுப்பினேன். விற்பவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பின்னால் லோன் கிடைக்காது என்று தெரிந்து வேண்டாம் என்றதும், பணம் விற்பவரிடம் போய்விட்டது என்றார் புரோக்கர். விற்பவர் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டால், "எந்த டோக்கன் தம்பி?" என்கிறார். புரோக்கர் வீட்டு வாசலில் என் அம்மா போய் உட்கார்ந்தார். பணம் தவணையில் வந்தது. சட்டப்படி என்ன செய்திருக்கலாம் என்று யாராவது சொல்லுங்கள், அம்மாவை ஒவ்வொரு தடவையும் அனுப்ப முடியாது.

* * *

வக்கீல் ஆபீசில் வேலை பார்க்கிறேன். இந்தியாவில் நடப்பதை மட்டும் சொல்கிறேன்.

டோக்கன் கொடுத்த தம்பிக்கு: புரோக்கருக்கு அனுப்பிய பணத்துக்கு விற்பவர் கையெழுத்துப் போட்ட ரசீது இல்லையென்றால் உங்கள் அம்மாதான் சட்டம்.

மற்றவர்களுக்கு: அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விலகினால் எல்லாம் போயிற்று என்பதும் சரியில்லை, கேட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும் என்பதும் சரியில்லை. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி, அக்ரிமென்டில் எவ்வளவு எழுதியிருந்தாலும் நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அதற்கு உச்சவரம்பு. பேச்சை உறுதி செய்யக் கொடுத்த பணத்தை, விலகினால் இழக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தால் விற்பவர் வைத்துக்கொள்ளலாம். விலையில் ஒரு பகுதியாகக் கொடுத்ததை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. 2012-ல் சதீஷ் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. நடைமுறையில் நம் அக்ரிமென்ட்களில் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாக எழுதிவிடுகிறார்கள். சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

இன்னொரு வழக்கை எங்கள் சீனியர் அடிக்கடி சொல்வார். 1982-ல் டெல்லி வளர்ச்சி ஆணையம் நடத்திய ஏலத்தில் கைலாஷ் நாத் நிறுவனம் ஒரு மனையை 3.12 கோடிக்கு எடுத்து, 25 சதவீதம், அதாவது 78 லட்சம் கட்டியது. மீதி கட்டுவதில் இழுபறியாகி, ஆணையம் அந்த 78 லட்சத்தை எடுத்துக்கொண்டது. 1994-ல் அதே மனையை 11.78 கோடிக்கு விற்றது. பணத்தைத் திருப்பிக் கொடு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர் ஒப்பந்தத்தை மீறவில்லை, ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லை, பிறகு எதற்கு ஈடு என்பது நீதிமன்றத்தின் கேள்வி. மேலே அட்வான்ஸை வைத்துக்கொண்ட அக்கா கணக்குப் போட்டு மிச்சத்தை அனுப்பினாரே, அவருடைய தம்பிக்கு இந்த வழக்கைக் காட்டுங்கள்.

வழக்குப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது: வீட்டை எழுதிக் கொடு என்று கேட்கும் மனுவிலேயே, "அது முடியாவிட்டால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்" என்றும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தராது, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 22-வது பிரிவு. விட்டுப்போனால் மனுவைத் திருத்தலாம், ஆனால் திருத்த வேண்டும் என்று யாருக்காவது ஞாபகம் வர வேண்டுமே!

புது வீடு, பில்டரிடம் வாங்குகிறீர்கள் என்றால் 2016-ன் ரியல் எஸ்டேட் சட்டம், 13-வது பிரிவு. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது. "ஆஃபர் இன்றோடு முடிகிறது, 20 சதவீதம் கட்டுங்கள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

* * *

கனடா, ஒன்டாரியோவிலிருந்து எழுதுகிறேன். அட்வான்ஸ் போனால் கணக்கு முடிந்தது என்று இங்கே நினைத்துவிடாதீர்கள். 2017 வசந்த காலத்தில் விலை உச்சத்தில் இருந்தபோது கையெழுத்துப் போட்ட நிறையப் பேர், அப்புறம் விலை இறங்கியதும் வீட்டை எடுக்க முடியாமல் விலகினார்கள். பழைய வீடு விற்கவில்லை, பேங்க் மதிப்பீடு குறைந்துவிட்டது, இப்படிப் பல காரணம். விற்பவர்கள் அதே வீட்டைக் குறைந்த விலைக்கு வேறு ஒருவருக்கு விற்று, வித்தியாசத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள், ஜெயித்தார்கள். கொடுத்த அட்வான்ஸை அந்த வித்தியாசத்தில் கழித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். என் நண்பர் குடும்பம் இன்னும் அந்தக் கடனைக் கட்டிக்கொண்டிருக்கிறது.

அதனால் முதலில் எழுதிய சகோதரிக்கு ஒரு கேள்வி. அட்வான்ஸை எடுத்துக்கொண்டு, இனி உங்கள்மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று விற்பவரிடம் எழுதி வாங்கினீர்களா?

* * *

வாங்கினோம். எங்கள் வக்கீல் அதில் கறாராக இருந்தார். அக்ரிமென்டை ரத்து செய்யும் பத்திரம் போட்டு, இரண்டு பக்கமும் கையெழுத்து. விற்பவருக்கும் அது தேவைப்பட்டது, பதிவான அக்ரிமென்ட் ரத்தாகாமல் இருந்தால் அடுத்து வாங்க வருகிறவரின் வில்லங்கச் சான்றில் அது தெரியும். அதைக் காட்டி அட்வான்ஸில் ஒரு பங்கையாவது திரும்பக் கேட்டிருக்கலாமே என்று என் அண்ணன் இப்போது சொல்கிறார். கேட்டோம். தரவில்லை.

* * *

நாங்கள் அடுத்த வாரம் கையெழுத்துப் போட இருக்கிறோம். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று டிராஃப்டில் இரண்டு வரி சேர்க்கச் சொன்னோம். ஒன்று: "வாங்குபவர் முறையாக விண்ணப்பித்தும் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதம் கொடுத்த 15 நாட்களுக்குள் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." மற்றது: "கிரயத்துக்கு முன் சாமான்கள் காலி செய்யப்பட்ட நிலையில் வாங்குபவர் ஒருமுறை வீட்டைப் பார்வையிடுவார். அதில் தெரியவரும் நீர்க்கசிவு முதலான குறைகளை விற்பவர் சரிசெய்து தராவிட்டால் வாங்குபவர் முன்பணத்தோடு விலகிக்கொள்ளலாம்." முதல் வரிக்கு விற்பவர் உடனே சரி என்றார். இரண்டாவதற்கு, வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் வரும்வரை பேனாவைத் திறப்பதாக இல்லை.