டேப்பட் கவர் பேக்கிங் மாற்றியும் ஆயில் கசிவு நிற்கவில்லை, எஞ்சின் இறக்கத்தான் வேண்டுமா? அவசரம்

குன்னூர்க்காரன் | வெள்ளி, மாலை 6.12
வணக்கம். எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவர் ஓரமாக ஆயில் கசிகிறது. மூடிக்கு அடியில் கசியாமல் அடைக்கும் பேக்கிங்கை மாற்றினோம், கொஞ்ச நாளிலேயே மறுபடி கசிவு. வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தார், புகை வந்தது. "பிஸ்டன் ரிங் போயிடுச்சு, எஞ்சின் இறக்கணும்" என்கிறார். அவர் சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளம். திங்கட்கிழமை வண்டியை விடச் சொல்லியிருக்கிறார். அதற்குள் வேறு ஏதாவது பார்க்க முடியுமா?

ஸ்பேனர்பெட்டி | 6.25
எந்த வருட வண்டி? பெட்ரோலா டீசலா? டர்போ உண்டா? எவ்வளவு ஓடியிருக்கிறது? புகை எந்த நிறம், சைலன்சரிலும் வருகிறதா?

பைபாஸ்ரைடர் | 6.31
ஆயில் மூடியின் உள்பக்கம் பாருங்கள். வெண்ணெய் மாதிரி வெள்ளையாக இருந்தால் ஹெட் பேக்கிங் போய்விட்டது. எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. என் மாமா வண்டியில் இதேதான் நடந்தது. இனி வண்டியை ஓட்டவே வேண்டாம்.

கியர்மன்னன் | 7.02
இந்தக் கேள்விக்கு நான் இங்கே பலமுறை பதில் எழுதியிருக்கிறேன். தேடிப் பார்த்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். என்ன வண்டி என்றுகூடச் சொல்லாமல் "அவசரம்" என்று தலைப்பு வைத்தால் யார் என்ன சொல்ல முடியும்? ஒன்று மட்டும் கேட்கிறேன். பேக்கிங் ஏன் தள்ளிக்கொண்டு போகிறது என்று அந்த இரண்டு மெக்கானிக்குகளில் ஒருவராவது யோசித்தாரா? உள்ளே அழுத்தம் ஏறியிருக்கிறது. பிசிவி வால்வைப் பாருங்கள்.

குன்னூர்க்காரன் | 8.40
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதினேன். 2012 பெட்ரோல், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ இல்லை. எழுபதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். சைலன்சரில் புகை இல்லை. மூடியின் உள்ளே வெள்ளைப் பசை இருக்கிறது. கூலன்ட் குறையவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஆயில் தேங்கியிருக்கிறது, ஃபில்டரின் ஒரு ஓரம் நனைந்துவிட்டது. பிசிவி என்றால் என்ன?

பைபாஸ்ரைடர் | 8.44
வெள்ளைப் பசை இருக்கிறதா? நான் சொன்னேனே.

ஸ்பேனர்பெட்டி | 9.20
பைபாஸ், கூலன்ட் குறையவில்லை என்கிறாரே. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பால்போல இருந்தால்தான் ஹெட் பேக்கிங்கைச் சந்தேகிக்கலாம். பசை மூடியில் மட்டும் என்றால் அது ஈரம். குன்னூர் குளிரில் தினமும் குறைந்த தூரம்தான் ஓடுகிறதா? ஆயில் நன்றாகச் சூடேறுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் உள்ளே சேரும் நீராவி வெளியேறாது. எஞ்சினில் குளிர்ந்த இடங்களில் மூடியும் ஒன்று என்பதால் அங்கே போய்ப் படியும், ஆயிலோடு கலந்து பசையாகும்.

குன்னூர் நண்பரே, பிசிவி என்பது இதுதான். எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் சிலிண்டரில் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கைத் தாண்டிக் கீழே, கிராங்க்கேஸ் என்ற எஞ்சினின் அடிப்பகுதிக்குள் இறங்கும். அதில் எரியாத பெட்ரோல், நீராவி, புகை எல்லாம் உண்டு. அதை வெளியே எடுத்தாக வேண்டும். அதற்காக இரண்டு ஹோஸ். ஒன்று ஏர் ஃபில்டர் பக்கமிருந்து டேப்பட் கவருக்குச் சுத்தமான காற்றைக் கொண்டுவரும். மற்றொன்று பிசிவி வால்வு வழியாக, சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் மேனிஃபோல்டுக்குப் போகும். மேனிஃபோல்டின் உறிஞ்சலில் அந்த வாயு உள்ளே போய் மறுபடி எரிந்துவிடும். ஐடிலில் உறிஞ்சல் மிக அதிகம் என்பதால் வால்வு வழியைக் குறுக்கிக்கொள்ளும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சல் குறையும், வால்வு திறந்துகொள்ளும்.

வால்வோ ஹோஸோ அடைத்துவிட்டால் வாயு வந்த வழியே திரும்பும். உங்கள் ஏர் ஃபில்டர் பெட்டியில் ஆயில் தேங்கியது அப்படித்தான் இருக்கும். அங்கேயும் வழி போதாமல் போனால் பேக்கிங், ஆயில் சீல் என எது பலவீனமோ அதைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ரிங் தேய்ந்தாலும் இதே அடையாளங்கள் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மூடியைத் திறந்ததும் லேசாகப் புகை வருவதை மட்டும் வைத்து ரிங் போய்விட்டது என்று சொல்லவே முடியாது. சூடான எந்த எஞ்சினிலும் கொஞ்சம் வரும்.

குன்னூர்க்காரன் | 9.31
ஆமாம், வீடு, பள்ளிக்கூடம், மார்க்கெட், அவ்வளவுதான் ஓட்டம். எப்படிச் சோதிப்பது?

ஸ்பேனர்பெட்டி | 9.58
எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் விட்டு ஆயில் மூடியை எடுங்கள். அந்தத் துளையின்மேல் மெல்லிய பாலிதீன் பையை விரித்து வையுங்கள். லேசாக உள்ளே இழுத்தால் நல்லது. பலூன்போல உப்பினால் அழுத்தம்.

இன்னும் தெளிவாகப் பார்க்க, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் டியூப் கிடைக்குமா? டிப்ஸ்டிக்கை உருவிவிட்டு அந்தக் குழாயில் டியூபின் ஒரு முனையைக் காற்றுப் புகாமல் செருகுங்கள். டியூபை யூ வடிவில் நன்றாகத் தாழ்த்தி, பாதியளவு தண்ணீர் விடுங்கள். ஐடிலில் எஞ்சின் பக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் உயர வேண்டும். மாறாக வெளிப்பக்கம் உயர்ந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. தண்ணீர் எஞ்சினுக்குள் போய்விடாதபடி டியூப் நீளமாக இருக்கட்டும்.

முக்கியமான சோதனை அடுத்தது. பிசிவி வால்வை ஹோஸோடு சேர்த்து டேப்பட் கவரிலிருந்து வெளியே எடுங்கள். ஐடிலில் வால்வின் வாயை விரலால் மூடுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டும். இழுக்கவே இல்லை என்றால் வால்விலோ ஹோஸிலோ மேனிஃபோல்டு துளையிலோ அடைப்பு. நன்றாக இழுத்தும் பை உப்புகிறது என்றால் அப்போது ரிங்கைப் பற்றிப் பேசலாம். பழைய ரப்பர் உடைந்துவிடும், அதனால் வால்வைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையமான கிராமெட் புதிதாக ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

டீசல்தாத்தா | 10.15
தம்பி, இவ்வளவு வேலை எதற்கு? அந்த ஹோஸைக் கழற்றி ரோட்டைப் பார்த்து விட்டுவிடு. மேனிஃபோல்டு துளையை ஒரு போல்ட் வைத்து அடை. லாரிகளில் பிரீதர் குழாய் அப்படித்தான் தொங்கியது, லட்சக்கணக்கில் ஓடின. அடைப்பும் வராது, ஏர் ஃபில்டரும் நனையாது.

கியர்மன்னன் | 10.33
ஐயா, இந்தப் பழக்கத்தை நிறுத்தத்தானே இந்த அமைப்பே வந்தது. கலிஃபோர்னியாவில் விற்ற 1961 மாடல் கார்களிலேயே பிசிவி வந்துவிட்டது. ரோட்டுக்கு விடுவது நச்சுப் புகை. அது மட்டுமல்ல. தொங்கும் குழாயில் வாயு பெரும்பாலும் தன் அழுத்தத்தால்தான் வெளியேறும், மேனிஃபோல்டின் உறிஞ்சல் கிடையாது. குறைந்த தூரம் ஓடும் இவர் வண்டியில் ஈரம் உள்ளேயே தங்கும், பசை இன்னும் சேரும். லாரி நாள் முழுக்கச் சூடாக ஓடியது. இந்த வித்தியாசம் தெரியாமல் அறிவுரை சொல்லக் கூடாது.

டீசல்தாத்தா | 10.41
நாற்பது வருடமாகக் கையில் கிரீஸோடு இருப்பவன் நான். எனக்கு வித்தியாசம் தெரியாதா? உறிஞ்சலுக்கு விடுகிறேன் என்று மேனிஃபோல்டு முழுக்கக் கரி பிடிக்க வைத்ததும் இதே பிசிவிதான்.

பைபாஸ்ரைடர் | 10.50
கரிக்குப் பயந்தால், ஹோஸ் நடுவில் ஆயிலைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் போடலாமே?

ஸ்பேனர்பெட்டி | 11.05
இவர் வண்டியில் பெட்ரோல் மேனிஃபோல்டு பக்கமே தெளிக்கப்படும், இன்டேக் வால்வு தானாகக் கழுவப்படும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் எஞ்சின்களில்தான் அந்தக் கரி பெரிய தொல்லை. குளிரில் கேட்ச் கேனில் தண்ணீர் சேரும், அடிக்கடி கொட்ட வேண்டும். தேவையில்லாத வேலை.

டொரன்டோதமிழன் | சனி, காலை 7.18
குளிர் என்றதும் சொல்லத் தோன்றியது. இங்கே மைனஸ் 25 டிகிரியில் அந்த ஈரம் ஹோஸுக்குள்ளேயே உறைந்து அடைத்துவிடும். டிப்ஸ்டிக் எகிறி வெளியே வந்த வண்டிகளும் உண்டு, ஆயில் சீல் பிதுங்கியவையும் உண்டு. குன்னூரில் உறையாது, ஆனால் பசை சேரும் காரணம் ஒன்றுதான். அண்ணா, வாரம் ஒருமுறையாவது மேட்டுப்பாளையம் வரை இறங்கி ஏறுங்கள், ஆயில் நன்றாகக் கொதித்து ஈரம் போய்விடும்.

கியர்மன்னன் | 9.40
"கொதித்து" அல்ல, சூடாகி. ஆயில் கொதித்தால் எஞ்சின் இருக்காது. மற்றபடி யோசனை சரி.

பிசிவி வால்வைக் கழுவிப் போடலாமா என்று அடுத்த கேள்வி வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்குங்கள், விலை அதிகமில்லை. அந்த எஞ்சினுக்கென்று ஸ்பிரிங் கணக்கிட்டிருப்பார்கள், அதனால் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது என்று வேறு வண்டி வால்வைப் போடாதீர்கள். ஹோஸுக்குள் கார்ப் கிளீனர் அடித்தால் ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்க உலர்த்துங்கள், விறைத்திருந்தால் மாற்றுங்கள். டேப்பட் கவரின் உள்பக்கம் ஆயிலைப் பிரிக்கும் தகடு இருக்கும், அதற்குப் பின்னாலும் கசடு அடையும். எப்படியும் பேக்கிங் மாற்றப் போகிறீர்கள், அதையும் சுத்தம் செய்யுங்கள்.

ஸ்பேனர்பெட்டி | 9.52
ஆயிலும் ஃபில்டரும் மாற்ற மறக்க வேண்டாம். அதற்குப் பிறகும் சந்தேகம் என்றால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், அளவு நன்றாக ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வு அல்லது ஹெட் பேக்கிங் பக்கம். இதைச் செய்யாமல் எஞ்சினை இறக்க யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

டீசல்தாத்தா | 10.20
கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னது சரி. அதில் எனக்கும் சம்மதம்.

ஸ்பேனர்பெட்டி | திங்கள், மாலை 5.30
குன்னூர் நண்பரே, என்ன ஆயிற்று? வண்டியை விட்டுவிட்டீர்களா?

குன்னூர்க்காரன் | வியாழன், இரவு 9.07
விடவில்லை. ஞாயிறு பார்த்தேன், பை உப்பியது, வால்வில் இழுப்பே இல்லை. ஹோஸின் மேனிஃபோல்டு முனையில் கெட்டியான கசடு. வால்வு, ஹோஸ், பேக்கிங், ஆயில் எல்லாம் புதிது. இப்போது பை உள்ளே இழுக்கிறது. கம்ப்ரஷன் நாலிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கசிவு இதுவரை இல்லை. எல்லோருக்கும் நன்றி.

மதுரைமல்லி | வெள்ளி, காலை 8.15
எனக்கும் இதே பிரச்சினை, டர்போ டீசல். இதே பிசிவி வால்வு எங்கே கிடைக்கும்?

கியர்மன்னன் | 8.29
டீசலில் மேனிஃபோல்டு உறிஞ்சல் பெரும்பாலும் இருக்காது, பிரீதர் டர்போவுக்கு முன்னால் உள்ள குழாயில் சேரும். அமைப்பே வேறு, மேலே சொன்ன விரல் சோதனையும் உங்களுக்குப் பொருந்தாது. தனி இழை தொடங்குங்கள். வருடம், எஞ்சின், கிலோமீட்டர், டர்போ குழாயில் எவ்வளவு ஆயில் இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள்.